படிக்க ஓரிடம்

நூலகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நூல்களின் எண்ணிக்கையையே எடுத்துரைப்பர். அந்நூல்களைக் கொண்ட கட்டடம் எவ்வாறு அமைந்திருந்தது, அதன் வாயில் யாருக்குத் திறந்தது, அலமாரியைத் தொடும் உரிமை யாருக்கு இருந்தது என்பனவும் வரலாறேயாகும். அண்ணல் அம்பேத்கர் அமர்ந்து படித்த இடங்களைக் கொண்டே இதனை ஆராய்தல் நமக்குப் பொருத்தமாகும்.

சத்தாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, வகுப்பின் மூலையில் தாம் கொண்டுவந்த கோணியின் மீது அவர் அமர்ந்தார். பள்ளிச் சேவகன் குழாயைத் திறந்துவிட்டாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. பின்னர்ப் பம்பாயில், பரேலில், குடும்பம் முழுவதும் ஒரே அறையில் வாழ்ந்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அங்கேதான். ஆதலால் தந்தையார் மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார். பிறர் உறங்கும் நேரமே அம்மாணவருக்குக் கிடைத்த படிப்பறை. மாலையில் சர்னி ரோடு பூங்கா அவருக்கு நூலகமாயிற்று. அங்கே தனித்திருந்து படித்த அவரைக் கண்டு ஊக்குவித்தவரே கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர்.

இலண்டனில் பயின்ற காலத்தில் அவர் நாள்தோறும் சென்று அமர்ந்தது பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்டப் படிப்பகமாகும். 1857ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அம்மண்டபத்தின் குறுக்களவு 140 அடி. அதன் அமைப்பைக் கருதியவர் அந்தோனியோ பனிஸ்ஸி. இத்தாலியிலிருந்து அகதியாக வந்த அவர், நாட்டின் பெருஞ்செல்வனுக்குள்ள அறிவு வாய்ப்பு ஏழை மாணவனுக்கும் கிட்டவேண்டும் என்று 1836ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றக் குழுவின் முன் வலியுறுத்தினார். கட்டடமும் அக்கொள்கைக்கு இசைந்ததாயிற்று. மேலே கவிந்த மாடத்தின் சாளரங்கள் வழியே ஒளி இறங்கிற்று. நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல மேசைகள் நீண்டன. ஒவ்வொருவருக்கும் தனி இருக்கை உண்டு. அகராதி முதலிய நூல்களைச் சுவர் அலமாரியிலிருந்து தாமே எடுக்கலாம். ஏனையவற்றுக்குச் சீட்டு எழுதித் தந்தால் போதும். அவ்விருக்கையில் அமர்ந்தவரின் பிறப்பை எவரும் வினவவில்லை.

தாயகம் திரும்பி, 1930களின் தொடக்கத்தில் தாதரில் வீடு கட்டியபோது, அதனைத் தம் நூல்களுக்கென்றே அமைத்தார் அண்ணல். பண்டைய மகத நகரின் பெயரால் அது ராஜகிருகம் எனப்பட்டது. ஒரே அறையில் வளர்ந்த அவர், மேல்தளத்தைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒதுக்கினார். அந்நூல்களில் ஒரு பகுதி, மக்கள் கல்விக் கழகம் 1946ஆம் ஆண்டு தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியின் நூலகத்தைச் சேர்ந்தது. தனி வீட்டில் திரண்ட செல்வம் மாணவர்க்குப் பொதுவாயிற்று.

தமிழகத்தில் இதே வினாவை வேறொரு வழியில் எழுப்பியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், இங்கிலாந்து சென்று பயின்று மீண்டு, வாசகர் தாமே அலமாரியை அணுகும் திறந்த முறையைக் கொணர்ந்தார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்பது அவற்றுள் இரண்டாவது. அவ்விதியைக் கட்டடத்தில் காண வேண்டுமாயின், அலமாரி நின்றவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கவேண்டும்; இடைவழி இருவர் விலகிச் செல்லப் போதுமானதாக வேண்டும். பூட்டிய பீரோவில் நூலைக் கேட்டுப் பெறுவது, பிறர் குழாய் திறக்கக் காத்து நின்று நீர் பெறுவதை ஒத்ததன்றோ?

ஆகவே பள்ளி நூலகத்தையோ சேரி மன்றத்து நூலகத்தையோ புதுக்க முற்படுவோர், முகப்பு வளைவுக்கும் பெயர்ப்பலகைக்கும் முன்னதாகச் சிலவற்றை எண்ணுதல் வேண்டும். தளம் மழைநீருக்கு மேலே உயர்ந்திருக்கட்டும். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இருக்கட்டும். வெயில் நேரே விழாத வடபுறத்தில் பெரிய சாளரங்கள் அமையட்டும். ஈரமும் கரையானும் ஏறாவண்ணம் அலமாரிகள் சுவரினின்று சற்று விலகி நிற்கட்டும். சிறுவர் நூல்கள் சிறுவர் கைக்கு எட்டும் தட்டில் இருக்கட்டும். யாவற்றினும் மேலாக, இரவு ஒன்பது மணிவரை விளக்கெரியும் மேசைகள் வேண்டும். நம் இல்லங்களில் இன்றும் ஓர் அறையில் ஐவர் உறங்குகின்றனர். தேர்வுக்குப் படிக்கும் பெண்பிள்ளைக்கு அம்மேசையே தனியறை.

வெள்ளிவிழாவின் நினைவாகக் கல்வெட்டு நாட்டுவது வழக்கம். அதற்காகும் செலவில் நம் நூலகத்தில் மேலும் இரு சாளரங்களைத் திறந்து, பீரோக்களின் கதவுகளைக் கழற்றிவிடலாம். இரண்டு மணிக்கு விழித்தெழுந்து படிக்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு இனி வேண்டுவதில்லை.