எண்ணும் தெய்வமும்: பாத்திரமேற்பு விளையாட்டுலகிற் கற்பனைத் தெய்வங்களின் வரலாறு

தெய்வங்களைப் பற்றிய வரலாற்றாராய்ச்சி, வழிபாட்டிடங்களையும் கல்வெட்டுக்களையும் இலக்கியங்களையுமே பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்வது. எவரும் உண்மையென நம்பாத, விளையாட்டின் பொருட்டே வகுக்கப்பட்ட தெய்வங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டு தொடக்கம் வளர்ந்துவந்த பாத்திரமேற்பு விளையாட்டுக்களில் இடம்பெறும் தெய்வங்கள் இத்தகையன. நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒரு தெய்வம் எதனால் உயிர்பெறுகின்றது, எதனால் வெறும் பெயராக நின்றுவிடுகின்றது என்னும் வினாவுக்கு இவ்விளையாட்டுக்களின் வரலாறு விடையொன்றைத் தருகின்றது.

இவ்விளையாட்டின் இயல்பை முதற்கண் நோக்குதல் வேண்டும். மேசையொன்றைச் சூழ்ந்து சிலர் அமர்வர். அவருள் ஒருவர் நடத்துநர். கற்பனையுலகின் நாடு, நகர், பகை, புதையல் யாவற்றையும் விவரிப்பவர் அவரே. ஏனையோர் வீரன், மந்திரவாதி, குரு முதலிய பாத்திரங்களுள் ஒவ்வொன்றை ஏற்று, தம் பாத்திரம் யாது செய்கின்றது என வாயாற் சொல்வர். அச்செயல் கைகூடுமா என்பதைப் பகடைகளும் விதிநூலிலுள்ள அட்டவணைகளும் தீர்மானிக்கும். பாத்திரத்தின் உயிர்வலிமை ‘உயிர்ப்புள்ளி’ எனத்தக்க ஓர் எண்ணாற் குறிக்கப்படும். அடிபடுந்தோறும் அவ்வெண் குறையும். அது பூச்சியத்தை அடையின் பாத்திரம் இறந்துபடும். கரி கைகக்ஸ், டேவ் ஆர்ணசன் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிறகன்ஸ்’ என்பதே இவ்வகையில் அச்சேறிய முதல் விளையாட்டாகும். சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடப்பட்ட போர் விளையாட்டிலிருந்தே இது தோன்றியது. எதனையும் எண்ணால் அளக்கும் வழக்கம் அப்போர் விளையாட்டின் வழிவந்த உரிமைச் சொத்தாகும்.

1974 ஆம் ஆண்டின் விதிநூலிற் குரு என்னும் பாத்திரவகை இருந்தது. ஆயின் அக்குரு வழிபடும் தெய்வத்தின் பெயர் இருக்கவில்லை. ஆர்ணசனின் குழுவில் ஒருவர் ஏற்றிருந்த இரத்தக் காட்டேரிப் பாத்திரத்தை எதிர்ப்பதற்கெனவே குரு என்னும் வகை முதலில் உருவாயிற்று. வழிபாட்டின் தேவையினாலன்றிப் போரின் தேவையினாலேயே சமயம் இவ்வுலகினுட் புகுந்தது என்பது இதனாற் பெறப்படும். கைகக்ஸின் கிறேஹோக் என்னும் உலகிலும் தொடக்கத்திற் குருமார் பொதுவாகத் ‘தெய்வங்களை’ வழிபட்டனரேயன்றிப் பெயர்சுட்டி எவரையும் வழிபட்டாரல்லர். குருப் பாத்திரத்தை ஏற்ற ஆட்டக்காரர் தமக்கெனத் தெய்வம் வேண்டுமென்று கேட்டபோது, அவர் சற்று நகைச்சுவையுடன் ஃபோல்ரஸ், புனித கத்பேட் ஆகிய இருவரையும் வழங்கினார். கத்பேட் வரலாற்றில் வாழ்ந்தவர். இங்கிலாந்தின் லின்டிஸ்ஃபான் தீவில் ஆயராக இருந்து 687 இல் மறைந்த துறவி. அத்துறவி ஏறத்தாழப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்க விளையாட்டொன்றில் தடியேந்திய தெய்வமாயினார். நகைப்புக்கெனத் தோன்றிய இத்தெய்வம் ஆட்டக்காரரிடையே நெடுங்காலம் விருப்புக்குரியதாக நிலைத்தமை கருதற்பாலது. அவர்கள் கேட்டது வலிமையை அன்று. தம்முடையதெனச் சொல்லிக்கொள்ள ஒரு பெயரையே அவர்கள் கேட்டனர்.

தெய்வங்களை நூல்வடிவில் தொகுக்கும் முயற்சி 1976 இல் நடைபெற்றது. றொபேட் கன்ற்ஸ், ஜேம்ஸ் வார்ட் ஆகியோர் எழுதிய ‘கோட்ஸ், டெமிகோட்ஸ் அன்ட் ஹீரோஸ்’ என்னும் இணைப்பு நூல் எகிப்திய, கிரேக்க, நோர்டிக், இந்துத் தெய்வங்களை நிரற்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உயிர்ப்புள்ளியும் கவசத்தரமும் வகுத்தது. நோர்டிக் மக்களின் தந்தைத் தெய்வமான ஓடினுக்கு 300 உயிர்ப்புள்ளிகள் வழங்கப்பட்டன. முன்னுரை எழுதிய பதிப்பாசிரியர் ரிம் காஸ்க், அளவிறந்த ஆற்றலைத் தம் பாத்திரங்களுக்கு ஏற்றிக்கொண்ட ஆட்டக்காரரை நாணச் செய்வதே இந்நூலின் நோக்கங்களுள் ஒன்றெனக் குறிப்பிட்டார். ஓடினுக்கே எல்லையுண்டெனின் மானிட வீரனுக்கு எல்லையில்லாதிருப்பது எங்ஙனம் என்பது அவர் வாதமாகும். விளைந்ததோ மறுதலையானது. எண் தரப்பட்ட எதனையும் வெல்லலாம் என்பதே விளையாட்டின் அடிப்படை நியதியாதலின், ஆட்டக்காரர் பலர் அந்நூலைக் கொல்லத்தக்க பகைவரின் பட்டியலாகவே கொண்டனர்.

1980 இல் வெளிவந்த ‘டெயிட்டீஸ் அன்ட் டெமிகோட்ஸ்’ என்னும் பெருநூலும் இம்முறையையே பின்பற்றியது. அதன் இந்திய மரபு பற்றிய பகுதியில் இந்திரன், அக்கினி, வருணன், யமன், காளி, விஷ்ணு ஆகியோருடன் கார்த்திகேயனும் இடம்பெற்றான். தமிழ் வாசகர் இவ்விடத்து நின்று நோக்குவதற்குக் காரணமுண்டு. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் ஈழத்துக் கோயில் வீதிகளில் நிகழும் சூரன்போரில் முருகனின் வலிமை எத்துணை என எவரும் கணிப்பதில்லை. முடிவு யாவர்க்கும் தெரியும். தெரிந்த கதையை மீண்டும் நிகழ்த்துவதிலேயே அவ்விழாவின் பொருள் தங்கியுள்ளது. விதிநூலோ கதையையும் விழாவையும் அடியாரையும் நீக்கி, எஞ்சிய பெயருக்கு எண்ணை இட்டது. இதனை அவமதிப்பு எனக் கொள்ளுதல் முறையன்று. ஓடினுக்கும் கிரேக்கத் தெய்வங்களுக்கும் நேர்ந்ததே கார்த்திகேயனுக்கும் நேர்ந்தது. தெய்வம் என்பது ஒரு தனியாளின் ஆற்றல் என்னும் கருத்தே இங்குள்ள குறைபாடாகும்.

அதே நூலின் முதற்பதிப்பில் எச். பி. லவ்கிறாஃப்டின் கதைகளில் வரும் கதூலு முதலிய கொடுந்தெய்வங்களும் எண்களுடன் இடம்பெற்றன. பிந்திய அச்சுக்களில் அவை நீக்கப்பட்டன. 1981 இல் கயோசியம் நிறுவனம் அவற்றையே பொருளாகக் கொண்டு ‘கோல் ஒஃப் கதூலு’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. சான்டி பீற்றர்சன் வகுத்த அவ்விளையாட்டில் முதன்மை பெறுவது மனிதனின் சித்தத் தெளிவைக் குறிக்கும் எண்ணாகும். தெய்வத்தைக் கண்டமாத்திரத்தே அவ்வெண் சரியும். அளக்கப்படுவது தெய்வத்தின் பலமன்று, அதன்முன் நிற்கும் மானிடனின் உள்ளமே என்னும் இம்மாற்றம் சிறிதெனினும் ஆழமானது.

எனினும் முழுமையான விடையை வழங்கியவர் கிறெக் ஸ்ரபோர்ட் ஆவர். 1948 இற் பிறந்த இவர், 1966 இல் விஸ்கொன்சின் மாநிலத்துப் பெலோயிற் கல்லூரியில் மாணவராயிருந்தபோதே குளோரந்தா என்னும் கற்பனையுலகின் புராணங்களை எழுதத் தொடங்கினார். விளையாட்டு பின்னரே வந்தது, புராணமே முந்தியது. 1978 இல் வெளியான ‘றூன்குவெஸ்ட்’ விளையாட்டும், 1979 இல் ஸ்ரீவ் பெரினுடன் இணைந்து அவர் எழுதிய ‘கல்ற்ஸ் ஒஃப் பிறாக்ஸ்’ நூலும் அவ்வுலகைப் பலருக்கு அறிமுகப்படுத்தின. பின்னைய நூலில் ஒவ்வொரு தெய்வத்தையும் பற்றிக் கூறப்படுவன அதன் வரலாறு, அடியார் கூட்டம், குருமார், விழாக்கள், நட்பும் பகையும் ஆகியனவே. குருமார் மட்டுமன்றி எவரும் ஒரு வழிபாட்டில் தீட்சை பெறலாம். பெறுவோர் தம் வருவாயிலும் காலத்திலும் பத்திலொரு பங்கைக் கோயிலுக்கு அளித்தல் வேண்டும். தெய்வம் ஈண்டு எதிர்த்துப் போரிடும் பொருளன்று. மனிதர் உட்புகுந்து வாழும் ஒரு சமூகமாகும்.

குளோரந்தாவின் தெய்வங்களுள் ஆட்டக்காரர் பெரிதும் விரும்பிய ஓர்லாந்த் என்னும் புயற்றெய்வத்தின் கதை இதற்குச் சான்று. சூரியப் பேரரசனான யெல்மை ஓர்லாந்த் கொன்றான். அதனால் உலகை இருளும் அழிவும் சூழ்ந்தன. தன் செயலின் விளைவைக் கண்ட ஓர்லாந்த், துணைவருடன் எழுவராய் இறந்தோருலகிற்கு இறங்கிச் சென்று, தான் கொன்ற பகைவனுடன் உடன்பாடு செய்து ஒளியை மீட்டுவந்தான். அவனுடைய அடியார் அப்பயணத்தைச் சடங்காக மீள நிகழ்த்துவதன் மூலம் தம் காலத்துத் துன்பங்களுக்குத் தீர்வு காண்பர். ஆட்டக்காரரும் அப்புராணத்தினுள் நடந்துசெல்ல இடமுண்டு. சூரன்போரை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. சூரியனை வழிபடுவோர் ஓர்லாந்தைக் கலகக்காரனாகவே கருதுவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவர்தம் நோக்கில் அமைந்த புராணங்களையும் ஸ்ரபோர்ட் எழுதினார். ஒரே நிகழ்ச்சி ஒரு மக்களுக்கு மீட்சியாகவும் மற்றொரு மக்களுக்கு இராசத்துரோகமாகவும் தோன்றும் உண்மை, சமய வரலாற்றைக் கற்போர் நன்கறிந்ததே.

ஏனைய உலகங்களும் இத்திசையில் நகர்ந்தன. 1984 இல் ட்றேசி ஹிக்மன், மார்கிறட் வைஸ் ஆகியோர் வழியாக வெளிவந்த ‘டிறகன்லான்ஸ்’ கதையுலகு, மன்னகுரு ஒருவனின் ஆணவத்தாற் பேரழிவு நேர்ந்து, தெய்வங்களின் வழிபாடு அற்றுப்போன காலத்தில் தொடங்குகின்றது. அங்குத் தெய்வத்தின் இன்மையே கதையை இயக்குகின்றது. கனடியரான எட் கிறீன்வூட் படைத்து 1987 இல் விளையாட்டாக வெளியான ‘ஃபொர்கொற்றன் றெல்ம்ஸ்’ உலகில், 1989 ஆம் ஆண்டு வெளிவந்த கதைத்தொடரின்படி, தெய்வங்கள் மானிட உருவில் மண்ணில் அலையுமாறு ஒறுக்கப்பட்டன. அதன்பின் தெய்வத்தின் ஆற்றல் அடியாரின் வழிபாட்டைப் பொறுத்தது என்னும் நியதி ஏற்பட்டது. எண் மீண்டும் வந்ததெனினும், அது தெய்வத்தின் உயிர்ப்புள்ளியன்று. அதனை நினைப்போரின் தொகையாகும்.

இதே காலத்திற் கிறித்தவக் குழுக்கள் சில இவ்விளையாட்டுக்கள் இளைஞரைப் பேய்வழிபாட்டிற்கு ஈர்ப்பதாகக் குற்றஞ்சாட்டின. 1980 ஆம் ஆண்டு நூல் 1985 இல் தெய்வப் பெயரைத் தவிர்த்து ‘லெஜன்ட்ஸ் அன்ட் லோர்’ என்னும் புதுத் தலைப்பைப் பெற்றது. 1989 இன் இரண்டாம் பதிப்பிற் பேய்களின் பெயர்களும் மாற்றப்பட்டன. குற்றஞ்சாட்டியோர் ஒன்றைக் கவனித்தாரல்லர். அவர்கள் அஞ்சிய நூல்களிலே தெய்வங்கள் வழிபடத்தக்கனவாக இருக்கவில்லை, வெல்லத்தக்கனவாகவே இருந்தன.

1990 இல் அத்தலைப்பில் வெளியான நூல் தெய்வங்களுக்கு எண் வழங்காது, அவை எடுக்கும் அவதாரங்களுக்கு மட்டுமே வழங்கியது. 2002 இல் எண்கள் திரும்பி வந்தன. 2014 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு ஆட்டக்காரர் நூலில் தெய்வங்கள் பெயர், சின்னம், ஆட்சிப்பொருள் என்பவற்றுடன் மட்டும் நின்றன. ஸ்ரபோர்ட் 2018 இற் காலமானார். அவருடைய தெய்வங்களை விரித்துரைக்கும் நூல்வரிசையைக் கயோசியம் 2023 முதல் வெளியிட்டுவருகின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாதெனில், ஆற்றலை மட்டும் பெற்ற தெய்வம் அதனினும் மிக்க ஆற்றலுக்குத் தோற்கும் என்பதாம். சொல்லப்படும் கதை, ஏற்கப்படும் கடமை, கூடிநிற்கும் மக்கள் என்னும் மூன்றுமே தெய்வத்தை நிலைபெறச் செய்தன. இவற்றை விளையாட்டுக்காரர் சமய நூல்களிலிருந்து கற்றுத் தொடங்கவில்லை. எண்களைக் கொண்டு தொடங்கி, அவை போதாமையை மேசைமுன் அமர்ந்து கண்டறிந்தனர். நம்பிக்கையற்ற இடத்திலும் இம்மூன்றும் வேண்டப்பட்டனவெனின், நம்பிக்கையுள்ள இடத்தில் இவை எத்துணை இன்றியமையாதன என்பது சொல்லாமலே விளங்கும்.