மலைநாட்டு வானமும் மாதிரி விமானமும்

சில வாரங்களுக்கு முன்னர் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் கையில் மூன்று வரைபடச் சுருள்கள் இருந்தன. மூன்றும் வானொலி அலையால் இயக்கப்படும் பெரிய சாகச விமான மாதிரிகளுக்கானவை. "ஐயா, இவற்றுள் எதைக் கட்டலாம்?" என்று கேட்டார். அவருடைய தாயார் கொழுந்து பறிப்பவர். இரண்டாண்டுகளாகச் சேர்த்த பணம் இந்த ஒரு முயற்சியிலே இறங்கப் போகின்றது என்பதையும் சற்றுத் தயக்கத்தோடு சொன்னார். உடனே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதிரிகள் ஏன் அத்துணைப் பெரியனவாயின என்ற கதையை முதலிற் சொல்லத் தொடங்கினேன். அதனையே இன்று உங்களுக்கும் சொல்லுகின்றேன்.

மாதிரி விமானத்தின் வரலாறு இறப்பர் நாடாவில் தொடங்குகின்றது எனலாம். 1871ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பாரிஸ் நகரத்துத் துய்லெரிப் பூங்காவிலே அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர், முறுக்கிய இறப்பரினால் சுழலும் விசிறியொன்றைப் பூட்டிய சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். பதினொரு வினாடியில் அது ஏறத்தாழ அறுபது மீற்றர் தூரம் சென்றது. இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1876இலே. மனிதனைச் சுமந்த விமானமோ இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு அப்பாலிருந்தது. ஆகவே மாதிரிதான் மூத்தது. உண்மை விமானம் அதன் தம்பி.

கையை விட்டுப் போன விமானத்தை மீண்டும் கட்டுப்படுத்துவது எங்ஙனம்? 1898இல் நியூயோர்க் நகரில் நிக்கொலா தெஸ்லா கம்பியில்லா அலையினால் ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். நமது நாட்டில் எட்வேட் ஹாப்பர், சிறைப்பிடிக்கப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு அலைபரப்பியை அமைத்து, 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி தொடங்க வழிசெய்தார். பாட்டைச் சுமந்துவரும் அலை விமானத்தின் வாலையும் திருப்பவல்லது என்பது அப்போது சிலருக்கே தோன்றியிருந்தது.

அமெரிக்காவின் கலமசூ நகரத்து இரட்டைச் சகோதரர்களாகிய வால்ட்டர் குட், வில்லியம் குட் என்போர் அச்சிலருள் முதன்மையானோர். 1937இல் அவர்கள் பறக்கவிட்ட 'கவ்' என்னும் விமானத்தின் இறக்கை எட்டு அடி அகலம். இன்று அது ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தில் இருக்கின்றது. எட்டு அடி என்பது ஆசையினால் வந்த அளவன்று. அக்காலத்து வானொலி வாங்கிக்குக் கண்ணாடி வால்வுகளும் கனத்த மின்கலங்களும் வேண்டும். அவற்றைச் சுமக்கப் பெரிய இறக்கை வேண்டும். முதல் மாதிரிகள் தேவையினால் பெரியனவாயின என்பதை இங்கே நினைவில் வைத்தல் நலம்.

அவ்விமானங்கள் சாகசம் செய்தற்கில்லை. பொத்தானை அழுத்தினால் வால் ஒரு பக்கம் திரும்பும்; விட்டால் நேராகும்; அவ்வளவே. பின்னர்த் திரான்சிஸ்டர் வந்தது. மின்கலங்கள் மெலிந்தன. விமானமும் சிறுத்தது. 1960இல் சுவிற்சர்லாந்தின் டூபன்டோர்வ் என்னுமிடத்தில் வானொலி மாதிரிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தபோது, 'ஓறியன்' என்னும் விமானத்தைக் கொண்டு எட் காஸ்மிர்ஸ்கி வென்றார். ஆறடிக்கு உட்பட்ட இறக்கையுடைய அவ்விமானம் கரணமடித்தது, புரண்டது, தலைகீழாகப் பறந்தது. இன்றும் அந்தப் போட்டி மரபில் வரும் மாதிரிகளுக்கு இரண்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், ஐந்து கிலோகிராம் எடை என்று ஓர் எல்லை உண்டு.

பின்னர் ஏன் மீண்டும் பெருத்தன? 1974இல் லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட மாளிகை அதிபர் பில் பெனற் பெரும் பரிசுத் தொகையோடு ஒரு போட்டியைத் தொடங்கினார். மெய்யான சாகச விமானங்களின் உருவைப் பின்பற்றும் மாதிரிகளே அங்கு நாளடைவில் இடம்பெற்றன. ஆண்டுக்கு ஆண்டு அவை வளர்ந்தன. ஓரிணை இறக்கையாயின் எண்பது அங்குலம், ஈரிணையாயின் அறுபது அங்குலம் என்னும் அளவை எட்டினால் 'பெருமாதிரி' எனக் கொள்ளும் சங்கமும் அமெரிக்காவில் எழுந்தது. இளைஞர் கொண்டுவந்த மூன்று சுருள்களும் இந்தக் குலத்தவை.

பெரிது நன்றாகப் பறக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பெரிய இறக்கையைக் காற்று சிறியதைவிட நன்றாகத் தாங்கும். தூரத்திலும் கண்ணுக்குத் தெரியும். திடீரென்று துள்ளாது. ஆயினும் அளவை இரட்டித்தால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகும். அதே கட்டுமானத்தில் எடையோ எட்டு மடங்காகும். கெட்டிக்காரர்கள் உட்கூட்டைக் குடைந்து எடையைக் குறைப்பார்கள். குறைத்தாலும், பத்துக் கிலோகிராம் விமானம் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதினால், நாற்பது மீற்றர் உயரத்திலிருந்து பத்துக் கிலோ கல் விழுந்ததற்குச் சமம்.

இந்தக் கணக்கை நான் ஏட்டிலே மட்டும் கற்கவில்லை. பள்ளிப் பருவத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து, தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து நாலடி விமானமொன்று செய்தோம். அந்நாளில் தொழிற்சாலைப் பின்புறத்தில் உடைந்த பெட்டிகள் எளிதிற் கிடைக்கும். அப்பலகை தேயிலையைக் கப்பலேற்றச் சிறந்தது. வானில் ஏற்ற ஆகாதது. சிறு எஞ்சின் உறுமிக்கொண்டு விமானத்தை மேட்டுக்கு மேலே கொண்டுபோயிற்று. பின் பக்கவாட்டிற் சரிந்து, பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலைக்குள்ளே இறங்கிற்று. நாங்கள் ஓடிச் சென்றபோது ஒரு பெரியம்மா உடைந்த விசிறியைக் கையில் வைத்திருந்தார். எங்களை ஏசவில்லை. "தம்பி, கூடைய எறக்கி வைக்கக் குனிஞ்சேன், அதுனால தப்பிச்சேன்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் பல ஆண்டுகள் நான் விமானம் எதையும் தொடவில்லை.

இனி மலைநாட்டுக் காற்றுக்கு வருவோம். ஹற்றன் நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். உயரம் கூடக் காற்று மெலியும். நுவரெலியாக் காற்றின் அடர்த்தி கொழும்பினதைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. எரிபொருள் எஞ்சினும் அதே அளவு வலுவை இழக்கும். மின்மோட்டார் அவ்வாறு மூச்சுத் திணறாது. ஆனால் அதன் விசிறி மெல்லிய காற்றையே வெட்டவேண்டும். கொழும்பிலே ஒரு வேகத்தில் தரையிறங்கும் விமானம் இங்கே பத்திலொரு பங்கு கூடிய வேகத்தில் இறங்கும். அதற்கு ஓட இடமும் கூட வேண்டும். சமதரையோ, மலைநாட்டில் எதனினும் அரிய பொருள்.

மூடுபனியைப் பற்றி இங்குள்ளோர்க்கு நான் சொல்லத் தேவையில்லை. 1974 டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த பெரு விமானம் ஏழுகன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டதை மஸ்கெலியாப் பக்கத்து முதியோர் இன்றும் பேசுவர். மாதிரி விமானத்தை இயக்குபவர் தரையில் நிற்பவர். அதைக் கண்ணால் கண்டுகொண்டே இயக்கவேண்டியவர். மேகம் ஒரு கணம் மறைத்தால் விமானம் அவருடையதன்று.

இப்போது சுருள்களைப் பிரிப்போம். முதலாவது பிற்ஸ். கேட்டிஸ் பிற்ஸ் 1940களில் அமைத்த குட்டி ஈரிணை இறக்கை விமானம். கண்ணுக்கு அழகு, மூன்றிலொரு அளவிலும் இறக்கை ஆறடிக்குள் அடங்கும். ஆனால் தரையிறங்கும்போது முரட்டுக் குதிரை. நீண்ட நல்ல ஓடுபாதை இருப்போருக்கே அது ஏற்றது. இரண்டாவது, ஜேர்மானியராகிய வால்ட்டர் எக்ஸ்ட்ராவின் 1988ஆம் ஆண்டு அமைப்பாகிய எக்ஸ்ட்ரா 300. சாகசத்தில் அதற்கு நிகர் சிலவே. பெரிய அளவிற் கட்டினால், அகன்ற மடல்களை அசைக்க வலிய மோட்டார்கள் பல வேண்டும். வாங்கியும் மின்கலமும் இரட்டையாக வைத்தல் நன்று. பணம் அங்கேதான் கரையும். இளைஞர் மனம் இதிலேயே இருந்தது என்பதை முகம் காட்டிற்று.

மூன்றாவது சிப்மங்க். 1946இல் கனடாவின் டி ஹவிலண்ட் நிறுவனத்திலே முதலிற் பறந்த பயிற்சி விமானம். 1951இல் நமது விமானப்படை தொடங்கியபோது அதன் முதல் விமானங்கள் இவையே. நம் நாட்டு இளைஞர் பலர் பறக்கக் கற்றது இதன் இறக்கைக்கு நடுவேதான். பயிற்சி விமானமாயினும் கரணமும் புரளலும் இதற்குக் கைவந்தவை. அமெரிக்கச் சாகச விமானி ஆட் ஷோல் திருத்தியமைத்த சிப்மங்க் ஒன்றை ஸ்மித்சோனியனே காத்துவைத்திருக்கின்றது. மெய்விமானத்தின் இறக்கை 10.47 மீற்றர். நாலிலொரு அளவிற் கட்டினால் 103 அங்குலம். ஐந்திலொரு அளவில் 82 அங்குலம். பெருமாதிரி எல்லையை அது சற்றே கடந்துவிடுகின்றது. இறக்கையை இரு துண்டாகக் கழற்றினால் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம்.

ஐந்திலொரு அளவுச் சிப்மங்கைக் கட்டும்படி சொன்னேன். பல்சா மரத்தில், நிறத்துக்காகக்கூட ஓர் அவுன்ஸ் கூடாமல் கட்டவேண்டும் என்றும் சொன்னேன். "இது பழைய விமானம் அல்லவா, ஐயா?" என்றார். அவருடைய ஏமாற்றம் எனக்கு விளங்கிற்று. "உன் அம்மா நிற்கும் மலைக்கு மேலே எதைப் பறக்கவிட மனம் வரும்?" என்று திருப்பிக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

பறக்கவிடும் இடத்தைப் பற்றி நெடுநேரம் வாதாடினோம். தோட்டத்து விளையாட்டுத் திடல் லயங்களுக்கு அருகில்; ஆகவே கூடாது. நுவரெலியாக் குதிரைப்பந்தயத் திடல் அகன்றது; சுற்றிலும் நகரம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானங்கள் இறங்குவதுண்டு. எஞ்சியது மவுசாக்கலை. கோடையில் நீர் வற்றும்போது, அமிழ்ந்துபோன பழைய மஸ்கெலியா நகரின் கோயில்கள் அங்கே தலைகாட்டும். அவற்றைப் பார்க்க வருவோர் கூடும் பக்கத்தை விட்டு, மறுபக்கக் கரைத்திடலைத் தெரிந்தோம். வெடித்த வண்டல் நிலமாதலால் சக்கரம் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். நீர்த்தேக்கத்தார் இசைவும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். விண்ணப்பத்தை இருவருமாக எழுதினோம்.

அவர் இப்போது இறக்கை விலாக்களை வெட்டிக்கொண்டிருக்கின்றார். மார்ச் மாதத்தில், மலையில் கொழுந்துக்கு ஆள் இறங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகியபின் பறக்கவிடுவதாகச் சொல்லியிருக்கின்றார். தாயாரும் வருவாராம்.