ஏழுக்கு ஒன்று: இந்திய ஹாக்கியும் மாறிக்கொண்டே இருந்த பயிற்சியாளர்களும்

இந்திய ஹாக்கி வரலாற்றில் 1-7 என்ற கணக்கு இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய கதையே கிடைக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

முதலாவது 1982 டிசம்பர் 1, டெல்லி. ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம், எதிரணி பாகிஸ்தான். பிரதமர் இந்திரா காந்தி அரங்கில் உட்கார்ந்திருந்தார். முதல் கோலை அடித்தது இந்தியாதான். அதற்குப் பிறகு பாகிஸ்தான் வரிசையாக ஏழு கோல் போட்டது. கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நேகி. அவர் காசு வாங்கிக்கொண்டு கோல் விட்டார் என்று ஊரெல்லாம் பேசினார்கள். அதற்கு ஒரு ஆதாரமும் எப்போதும் வந்ததில்லை. ஆனாலும் அந்த மனிதரின் ஆட்ட வாழ்க்கை அந்த ஒரு மாலையோடு முடிந்துபோனது.

இரண்டாவது 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். எதிரணி ஆஸ்திரேலியா. அதே 1-7. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ், பயிற்சியாளர் கிரகாம் ரீட். இந்த முறை ஒன்றுமே நடக்கவில்லை! யாரையும் நீக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அதே அணி ஸ்பெயினை 3-0 என்று ஜெயித்தது. ஆகஸ்ட் 5-ம் தேதி ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கியிருந்து 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கியது. கடைசிச் சில விநாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்ததும் அதே ஸ்ரீஜேஷ்தான். ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் நமக்கு 41 வருஷம் கழித்து வந்தது.

இந்த இரண்டு 1-7-க்கும் நடுவே இந்தியா எத்தனை பயிற்சியாளர்களை மாற்றியது என்று எண்ண ஆரம்பித்தால் தலை சுற்றும். அதைச் சொல்வதற்கு முன், ரசிகர்களின் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவை 24-1. 1936 பெர்லினில் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1. பிறகு 1948, 1952, 1956. தொடர்ந்து ஆறு தங்கம். இதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஹாக்கி என்றால் தங்கம், வெள்ளி என்றால் தோல்வி. 1960-ல் ரோமில் பாகிஸ்தானிடம் ஒரே ஒரு கோலில் தோற்று வெள்ளி வாங்கியபோது அது துக்க வீடு மாதிரிதான் இருந்திருக்கும்.

ஆனால் அந்தத் தங்கங்களை உரசிப் பார்ப்பதில் தப்பில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஹாக்கி ஆடிய அணிகள் மொத்தமே மூன்று: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. 1928 முதல் 1936 வரை பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவே இல்லை. நான் தயான்சந்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் காலத்தில் அவரைப் போல ஆட ஆளில்லை. சொல்ல வருவது என்னவென்றால், மற்ற நாடுகள் இன்னும் சரியாக ஆடத் தொடங்காத காலத்தில் நாம் ஓடி முடித்த ஓட்டம் அது. 1947-ல் நாடு பிரிந்தபோது ஹாக்கியும் இரண்டாகப் பிரிந்தது. பல ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியா போய்விட்டன. ஜபல்பூரிலிருந்து போன பியர்ஸ் சகோதரர்கள் ஐந்து பேரும் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நாம் கற்றுக்கொடுத்த ஆட்டம்தான் பிறகு நம்மிடமே திரும்பி வந்தது!

அடுத்து வந்தது தரை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடினார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் (1975) கோலாலம்பூரில் அஜித்பால் சிங் தலைமையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றிருந்தது. மாண்ட்ரியலில் அதே நாட்டுக்கு ஏழாவது இடம். ஒரே வருஷத்தில் ஆட்கள் ஆடத் தெரியாதவர்கள் ஆகிவிடுவார்களா? மண்ணிலும் புல்லிலும் பந்து எகிறும், நிற்கும், திரும்பும். அதை மட்டையிலேயே ஒட்டவைத்து எடுத்துப் போவதுதான் நம் வித்தை. செயற்கைத் தரையில் பந்து கோடு போட்டது போல ஓடும். அங்கே வித்தையைவிட ஓட்டமும் பலமும் வேண்டும். ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் டர்ஃப் போட்டார்கள். நம் பையன்கள் பல வருஷம் மண்ணில் கற்றுக்கொண்டு, தேசிய முகாமுக்குப் போன பிறகுதான் டர்ஃபில் கால் வைத்தார்கள்.

1980 மாஸ்கோவில் மறுபடி தங்கம் வந்தது. கேப்டன் நம்ம சென்னை வாசுதேவன் பாஸ்கரன். இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்திருந்தன. பாகிஸ்தான் இல்லை, மேற்கு ஜெர்மனி இல்லை, ஆஸ்திரேலியா இல்லை, நெதர்லாந்து இல்லை. ஆடிய அணிகள் ஆறு. இந்தத் தங்கம் நமக்கு ஒரு விதத்தில் கெடுதல் செய்தது என்பது என் கருத்து. மாண்ட்ரியல் ஒரு விபத்து, நாம் இன்னும் பழைய ராஜாதான் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கையோடுதான் இரண்டு வருஷம் கழித்து டெல்லி அரங்கில் போய் உட்கார்ந்தார்கள். 1986 லண்டன் உலகக் கோப்பையில் 12 அணிகளில் 12-வது இடம் வந்தபோதும் கேள்வி ஒன்றுதான்: யாரைத் தூக்குவது?

டர்ஃப் போட கோடிக்கணக்கில் பணம் வேண்டும், பத்து வருஷம் பொறுக்க வேண்டும். பயிற்சியாளரை மாற்ற ஒரு கடிதம் போதும்.

தோற்றால் மாற்றுவது எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊர் விசேஷம், ஜெயித்தாலும் மாற்றுவார்கள்! 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் தென் கொரியாவை வென்று தங்கம் வாங்கினார்கள். பயிற்சியாளர் எம்.கே. கௌசிக். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தந்தவர் யார் தெரியுமா? அதே மிர் ரஞ்சன் நேகி. 16 வருஷம் கழித்து மனிதர் தலை நிமிர்ந்தார். தங்கத்தோடு வந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? தன்ராஜ் உட்பட பல வீரர்கள் அடுத்த அணியில் இல்லை. கௌசிக்கும் இல்லை, நேகியும் இல்லை. அப்போது இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பின் தலைவர் முன்னாள் போலீஸ் அதிகாரி கே.பி.எஸ். கில். 1994 முதல் 2008 வரை அவர் ராஜ்யம்.

கௌசிக்குக்குப் பின் வந்தவர் பாஸ்கரன். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. கடைசியில் ஏழாவது இடம். அந்த ஒரு பந்து தடுக்கப்பட்டிருந்தால் பாஸ்கரனின் பெயர் வேறு விதமாகப் பேசப்பட்டிருக்கும். 2006-ல் அவரையே மறுபடி கூப்பிட்டார்கள். உலகக் கோப்பையில் 11-வது இடம். மாஸ்கோவின் கேப்டனுக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டுமா?

கேளுங்கள். 2002 கோலாலம்பூர் உலகக் கோப்பையில் பயிற்சியாளர் செட்ரிக் டிசோசாவைப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கினார்கள். 2003-ல் ராஜிந்தர் சிங் முதல் முறையாக ஆசியக் கோப்பையை வென்று கொடுத்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவரை மாற்றி ஜெர்மனியின் கெரார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். வீரர்களின் பெயரை மனப்பாடம் செய்யவே அவருக்கு நேரம் போதுமா? மறுபடி ஏழாவது இடம்.

2007 செப்டம்பரில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் கொரியாவை 7-2 என்று அடித்து ஆசியக் கோப்பையை வென்றபோது ஜோக்கிம் கார்வலோ நாயகன். ஆறே மாதம். 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றதும், 1928-க்குப் பிறகு முதல் முறையாக இந்தியா இல்லாமல் ஒலிம்பிக் ஹாக்கி நடக்கப் போகிறது என்று ஆனது. கார்வலோ விலகினார். ஆலோசகராக வந்திருந்த ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த்தும் அதே வருஷம் வெறுத்துப்போய்க் கிளம்பினார். கில்லின் கூட்டமைப்பும் அந்த ஏப்ரலில் இடைநீக்கம் ஆனது.

புதிய நிர்வாகம் வந்தும் பழக்கம் போகவில்லை. 2009-ல் ஸ்பெயினின் ஹோசே பிராசா. பிறகு நாப்ஸ், டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திர சிங், 2019-ல் ரீட். இடைக்கால ஆட்களை விட்டுவிட்டாலும் பத்து வருஷத்தில் எட்டுப் பேர்! இதில் வால்ஷ் 2014-ல் இஞ்சியோனில் பாகிஸ்தானை வென்று 16 வருஷம் கழித்து ஆசியத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். சில வாரங்களில் அவர் இல்லை. வான் ஆஸ் 2015-ல் வந்தார், அதே வருஷம் போனார். இதே காலத்தில் ஜெர்மனியில் மார்கஸ் வைஸ் ஒரே ஆள் 2008, 2012 இரண்டு ஒலிம்பிக் தங்கமும் வாங்கிக் கொடுத்தார். இங்கிருந்து வெறுத்துப் போன சார்ல்ஸ்வொர்த் தன் நாட்டு அணியை எடுத்துக்கொண்டு 2010, 2014 இரண்டு உலகக் கோப்பையையும் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நமக்குக் கடைசி இடம்.

பிரச்சினை பயிற்சியாளரிடம் இல்லை, கீழே இருக்கும் தரையிலும் ஆட்களிலும்தான் என்பதற்கு நான் டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை. கோவில்பட்டி போதும். எங்கள் திருத்தங்கலில் நாராயணப் பெருமாள் கோவில் மலை இருக்கிறது, அச்சாபீஸ் இருக்கிறது, சுற்றிலும் பட்டாசு இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது. ஹாக்கி மட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் சாத்தூர் தாண்டி கோவில்பட்டிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அது கடலை மிட்டாய் ஊர். சுற்று வட்டாரத்துக்கு அது ஹாக்கி ஊர். தீப்பெட்டித் தொழில் செய்யும் குடும்பங்களின் பையன்கள் தலைமுறையாக மட்டை பிடிக்கிற ஊர். லட்சுமி அம்மாள் கோப்பை என்று அகில இந்தியப் போட்டியே நடத்துகிறார்கள். ஆனால் இத்தனை ஆசை இருந்தும் நெடுங்காலம் மண் தரைதான். மண்ணில் கற்ற பையன் மாநிலப் போட்டி வரை போவான், அதற்கு மேல் டர்ஃபில் ஆடிப் பழகியவனிடம் தோற்றுத் திரும்புவான், அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் சந்தோஷம். பிறகு அங்கே செயற்கைத் தரை வந்தது, அரசின் விளையாட்டு விடுதி வந்தது. 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், அந்த விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தியும் இந்தியாவுக்கு ஆடினார்கள். அந்த அணி வெண்கலம் வாங்கியது. அந்தப் பையன்களை உருவாக்கிய உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் பெயரை எந்தத் தொலைக்காட்சியும் விவாதிப்பதில்லை. அவர்களை மாற்று என்று யாரும் கத்துவதும் இல்லை!

ரீட் விஷயத்தில் என்ன வித்தியாசம்? 2018 முதல் ஒடிசா அரசு அணிக்குப் பணம் தந்தது, வீரர்கள் வருஷம் பூராவும் முகாமில் இருந்தார்கள், ஆளும் ஒருவரே தொடர்ந்தார். அந்த அடித்தளம் இருந்ததால்தான் ஒரு 1-7-ஐத் தாங்க முடிந்தது. 2023 ஜனவரியில் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் கால் இறுதிகூடப் போகாததும் ரீட் விலகினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வியாதி முழுக்கப் போய்விடவில்லை. அவருக்குப் பின் வந்த தென் ஆப்பிரிக்காவின் கிரெய்க் ஃபுல்டன் 2023-ல் ஹாங்சோ ஆசியத் தங்கத்தையும், 2024-ல் பாரிஸில் இன்னொரு வெண்கலத்தையும் கொண்டுவந்தார்.

2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இதற்காகவே புது டர்ஃப் போட்டார்கள். விருதுநகர்ப் பக்கத்துப் பையன்களுக்கு உலகக் கோப்பை ஆட்டம் ஒரு பஸ் தூரத்தில் வந்தது இதுதான் முதல் தடவை. அரையிறுதியில் ஜெர்மனி நம்மை 5-1 என்று புரட்டி எடுத்தது. பயிற்சியாளர் யார் தெரியுமா? ஸ்ரீஜேஷ். வழக்கம் போல டீக்கடையில் "இவனை மாத்தணும்பா" என்ற குரல் கேட்டது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 10, எழும்பூரில் வெண்கலத்துக்கான ஆட்டம். அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் இருந்தது. கடைசிக் கால் மணி நேரத்தில் நம் பையன்கள் நான்கு கோல் போட்டார்கள்.