ஜாமீனில் வந்தவனும் முறையிட்டவளும்

ஜாமீன் என்றவுடன் பணமும் ஆள்பிணையுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1275-ம் ஆண்டு இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் யார் யாரைப் பிணையில் விடலாமென வகுத்தது. அடிபட்ட மனைவி விசாரணை நாள் வரை எங்கே உறங்குவாளென அது கேட்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் 1984-ம் ஆண்டு ஜாமீன் சீர்திருத்தச் சட்டமோ, பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் எவ்வகையிலும் அணுகலாகாதென நிபந்தனை விதிக்க, மத்திய நீதிமன்றங்களின் நீதிபதிகளுக்கு வெளிப்படையாகவே அதிகாரம் அளித்தது.

குற்றம் ரூபிக்கப்படுமுன் ஒருவனை அவன் வீட்டு வாயிலையே மிதிக்காதே என்பது கொடுமையன்றோ? கொடுமைதான்; தேவைக்கு மேற்பட்ட கட்டுப்பாடு கூடாதென அச்சட்டமே கூறுவதும் அதனாற்றான். ஆயினும், அச்சத்தால் சாட்சி வாயடைத்துப் போனால் விசாரணை ஏது? இவ்விரண்டில் முன்னதையே நாம் பொறுப்போம். மனைவியே மனமிரங்கி அழைத்தாலும் கணவன் போகலாகாது. தடையை நீக்குவது நீதிபதியின் கையில். மீறிப் போனால் ஜாமீன் ரத்தாகலாம்.