ஒதுக்கப்பட்ட ஆர்மோனியம்



ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்த கருவி. 1842-இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்க் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி, மறுகையால் வாசிக்கும் வடிவத்தை அமைத்தார். தமிழ் நாடக மேடை அதனை விரும்பி ஏற்றது. ஆயினும், கட்டைகளில் கமகம் பிறவாது என்ற குறை எழுந்தது. 1940-இல் அகில இந்திய வானொலி அதனை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. 1971-இல்தான் தடை தளர்ந்தது.

வித்துவான்கள் கண்ட அக்குறையே, வயது வந்தபின் கற்கத் தொடங்குவோர்க்கு வரம். வயலினில் விரல் சுரத்தைத் தேடித் தடுமாறும். ஆர்மோனியத்திலோ கட்டையை அழுத்தினால் சுரம் நிலையாக ஒலிக்கும். கட்டை சுரத்தைக் காட்டட்டும். கமகத்தைக் குரல் பழகட்டும்.

போர்ட் கிள்ளானில் பிள்ளையைத் தேவார வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோரே, நீங்களும் உள்ளே வந்து அமரலாமே!