ஒருமுனை மின்சாரத்தில் மும்முனை இயந்திரங்களை இயக்குதல்

ஒருமுனை மின்சாரத்தில் மும்முனை இயந்திரங்களை இயக்குதல் என்பது, வீடுகளுக்கு வழங்கப்படும் ஒருமுனை மின்னிணைப்பைக் கொண்டு தொழிற்சாலைகளுக்கென வடிவமைக்கப்பட்ட மும்முனை மின்னோடிகளை இயக்கும் முறைகளைக் குறிக்கும். பேச்சு வழக்கில் ஒருமுனை மின்சாரம் 'சிங்கிள் பேஸ்' எனவும் மும்முனை மின்சாரம் 'த்ரீ பேஸ்' எனவும் அழைக்கப்படுகின்றன. வட்ட ரம்பம், பட்டை ரம்பம், இழைப்பு இயந்திரம், கடைசல் இயந்திரம் போன்ற மரவேலை இயந்திரங்களை வீட்டுப் பட்டறையில் நிறுவுவோர் இத்தேவையைப் பெரிதும் எதிர்கொள்கின்றனர்.

பின்னணி

பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளுக்கு 230 வோல்ட்டு ஒருமுனை இணைப்பே உள்ளது. அங்கு தொழிற்சாலைகளும் பள்ளிகளும் கழித்துவிடும் பழைய மரவேலை இயந்திரங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. லெஸ்டர் நகரில் 1897 இல் நிறுவப்பட்ட வாட்கின் நிறுவனத்தின் கனமான வார்ப்பிரும்பு இயந்திரங்கள் இவற்றுள் பெயர் பெற்றவை. இவற்றில் பெரும்பாலானவை 415 வோல்ட்டு மும்முனை மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை ஆகும். இந்தியாவிலும் மின்வழங்கலின் அதிர்வெண் 50 எர்ட்சு என்பதாலும், மின்னழுத்தங்கள் ஏறத்தாழ ஒத்தவை என்பதாலும் கீழ்க்காணும் கணக்குகள் இங்கும் பொருந்தும்.

மும்முனை மின்னோடி இயங்கும் விதம்

மும்முனை மின்சாரத்தில் மூன்று மின்னழுத்த அலைகள் ஒன்றுக்கொன்று 120 பாகை கட்ட வேறுபாட்டுடன் வருகின்றன. மின்னோடியின் அசையாப் பகுதியான நிலையியின் மூன்று சுருள்களில் இவை பாயும்போது ஒரு சுழல் காந்தப்புலம் உருவாகிறது. இப்புலம் சுழலியை இழுத்துச் சுழற்றுகிறது. மிகாயில் தோலிவோ-தோபரோவோல்சுக்கி 1889 இல் உருவாக்கிய மும்முனைக் கூண்டுச் சுழலி மின்னோடி இக்கொள்கையில் அமைந்ததே.

ஒருமுனை மின்சாரம் தரும் காந்தப்புலம் சுழல்வதில்லை. ஒரே அச்சில் கூடிக் குறைந்து திசை மாறுகிறது. நின்றிருக்கும் சுழலிக்கு இதனால் தொடக்க முறுக்குவிசை கிடைப்பதில்லை. எனவே மும்முனை மின்னோடியை நேரடியாக ஒருமுனை மின்சாரத்தில் இணைத்தால், அது சுழலாமல் உறுமும். வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து சுருள் கருகிவிடக்கூடும். கீழ்க்காணும் எல்லா முறைகளின் நோக்கமும் இழந்த சுழல் புலத்தை மீண்டும் உருவாக்குவதே ஆகும். அப்புலம் எந்த அளவு சீராகக் கிடைக்கிறது என்பதிலேயே அவை வேறுபடுகின்றன.

விண்மீன், முக்கோண இணைப்புகள்

எம்முறையைத் தெரிவதற்கு முன்பும் மின்னோடியின் பெயர்ப்பலகையைப் பார்த்தல் வேண்டும். அதில் 230/400 வோல்ட்டு என இருந்தால், ஒவ்வொரு சுருளும் 230 வோல்ட்டுக்கு உரியது. மூன்று சுருள்களையும் விண்மீன் (ஸ்டார்) முறையில் இணைத்தால் 400 வோல்ட்டும் (230 × 1.732 ≈ 400), முக்கோண (டெல்டா) முறையில் இணைத்தால் 230 வோல்ட்டும் தேவைப்படும். இணைப்புப் பெட்டியில் ஆறு முனையங்கள் இருந்தால் உலோகப் பட்டைகளை இடம் மாற்றி இதனை எளிதில் செய்யலாம். பழைய மின்னோடிகள் சிலவற்றில் மூன்று கம்பிகளே வெளியே வரும். அவற்றின் விண்மீன் சந்திப்பு சுருளுக்குள் புதைந்திருப்பதால், மின்னோடி சுற்றுவோர் அதனைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

பெயர்ப்பலகையில் 400/690 வோல்ட்டு என இருந்தால் முக்கோண இணைப்புக்கே 400 வோல்ட்டு தேவை. அத்தகைய மின்னோடி 230 வோல்ட்டில் முழுத்திறன் தராது.

முறைகள்

மின்தேக்கி முறை

மின்னோடியின் இரு முனையங்களை ஒருமுனை மின்சாரத்திலும், மூன்றாவதை ஒரு மின்தேக்கி வழியாக அவற்றுள் ஒன்றிலும் இணைப்பது இம்முறையாகும். இது மின்பொறியாளர் இசுடைன்மெட்சின் பெயரால் அழைக்கப்படுகிறது. மின்தேக்கி தரும் கட்ட வேறுபாடு ஒரு குறைபட்ட சுழல் புலத்தை உருவாக்குகிறது. 230 வோல்ட்டு, 50 எர்ட்சுக்கு ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 70 மைக்ரோபாரடு என்பது வழக்கமான கணக்கு. 1.5 கிலோவாட்டு மின்னோடிக்கு இது 105 மைக்ரோபாரடு ஆகும்.

இதன் செலவு குறைவு. ஆயினும் மின்னோடியின் திறனில் ஏறத்தாழ 70 விழுக்காடே கிடைக்கும். தொடக்க முறுக்குவிசை மிகவும் குறையும். பளுவுடன் தொடங்கும் இயந்திரங்களுக்குத் தனியாகத் தொடக்க மின்தேக்கி தேவை. சுமை மாறும்போது மூன்று சுருள்களின் மின்னோட்டங்கள் சமநிலை இழப்பதால் மின்னோடி சூடேறும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இரண்டு முனைகளில் மட்டும் மின்சாரம் உள்ளபோது கிணற்று மோட்டாரை இயக்க உழவர்கள் மின்தேக்கிப் பெட்டிகளைப் பயன்படுத்தியதும் இதையொத்த முறையே.

சுழல் மாற்றி

இதில் ஒரு மும்முனை மின்னோடி, மின்தேக்கியின் துணையுடன் ஒருமுனை மின்சாரத்தில் சுமையின்றி ஓடவிடப்படுகிறது. ஓடும் அம்மின்னோடியின் மூன்றாம் முனையத்தில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் மூன்று முனைகளிலிருந்து பிற இயந்திரங்கள் இயக்கப்படுகின்றன. பட்டறையிலுள்ள பல இயந்திரங்களுக்கு ஒரே மாற்றி போதும். இயந்திரங்களின் சொந்த நிலைமாற்றிகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வட அமெரிக்காவில் இம்முறை பரவலாக உள்ளது. பிரித்தானியாவில் 400 வோல்ட்டு பெற, மின்னழுத்தத்தை உயர்த்தும் மின்மாற்றியும் சேர்க்கப்படுகிறது. ஓயாத ஓசையும் வெறுமனே ஓடும்போது செலவாகும் மின்சாரமும் இதன் குறைகள்.

அதிர்வெண் மாற்றி

'வி.எஃப்.டி.' என அழைக்கப்படும் இம்மின்னணுக் கருவி, ஒருமுனை மின்சாரத்தை ஏறத்தாழ 325 வோல்ட்டு நேர் மின்சாரமாக மாற்றி, பின்னர் ஆறு திரிதடையங்கள் மூலம் மும்முனையாக மீள அமைக்கிறது. மின்னோட்டங்கள் சமநிலையில் இருப்பதால் மின்னோடியின் முழுத்திறனும் கிடைக்கிறது. தொடக்கம் மென்மையாக இருக்கும், வேகத்தையும் மாற்றலாம். கடைசல் இயந்திரத்துக்கு இது மிகவும் பயன்படும்.

சாதாரண வகைகள் உள்வரும் மின்னழுத்தத்தைவிட மிகுதியாகத் தருவதில்லை. ஆகவே மின்னோடியை முக்கோண முறையில் இணைத்தல் வேண்டும். பொதுவாக ஓர் இயந்திரத்துக்கு ஒரு கருவி பொருத்தப்படுகிறது.

பாதுகாப்பு

மரவேலை இயந்திரங்களில் மின்சாரத்தால் மட்டுமன்றி அலகாலும் ஆபத்து உண்டு.

* எந்த இரு முனைகள் இடம் மாறினாலும் மின்னோடி எதிர்த்திசையில் சுழலும். அலகைப் பொருத்தும் முன் சுழலும் திசையைச் சரிபார்த்தல் வேண்டும்.
* அதிர்வெண்ணைக் கூட்டி, அலகில் பொறிக்கப்பட்ட உச்ச வேகத்தைத் தாண்டுதல் கூடாது.
* மிக விரைவாக நிறுத்தினால் வட்ட ரம்பத்தைப் பிடித்திருக்கும் மரை கழன்றுவிடக்கூடும்.
* அதிர்வெண் மாற்றிக்கும் மின்னோடிக்கும் இடையே உள்ள பழைய நிலைமாற்றியை ஓட்டத்தின்போது இயக்கினால் மாற்றி பழுதடையலாம். நிறுத்தும் பொத்தானை மாற்றியின் கட்டுப்பாட்டு முனையங்களில் இணைத்தல் வேண்டும். மின்தடைக்குப் பின் இயந்திரம் தானாக ஓடத் தொடங்காதவாறும் அமைத்தல் வேண்டும்.
* குறைந்த வேகத்தில் மின்னோடியின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் வெப்பம் கூடும்.
* மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் சில நிமிடங்கள் நிற்கும். கையேட்டில் குறித்த நேரம் கழிந்த பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும்.
* சாதாரண மின்கசிவுத் துண்டிப்பான் அதிர்வெண் மாற்றியுடன் சரிவரச் செயல்படாமல் போகலாம். உரிய வகையைக் கையேட்டில் அறிந்து, தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நிலத்தொடுப்புடன் நிறுவுதல் வேண்டும்.

பிற தீர்வுகள்

சிறிய இயந்திரங்களுக்கு ஒருமுனை மின்னோடியையே மாற்றிப் பொருத்தலாம். பிரித்தானியாவின் 13 ஆம்பியர் செருகியில் கிடைக்கும் உச்சத் திறன் ஏறத்தாழ 3 கிலோவாட்டு (230 × 13 = 2990 வாட்டு) என்பதால், அதற்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குத் தனி மின்சுற்று தேவை. பல பெரிய இயந்திரங்களை வைத்திருப்போர் மின்வழங்கு நிறுவனத்திடம் மும்முனை இணைப்பே பெறலாம். பிரித்தானியாவில் தெருவிலிருந்து புதிய வடம் இழுக்கும் செலவு இயந்திரத்தின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கும் மும்முனை இணைப்பு வழங்கப்படுவதால், மாற்றி வாங்கும் முன் இவ்வழியை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* தூண்டல் மின்னோடி
* மும்முனை மின்சாரம்
* மின்தேக்கி
* மின்மாற்றி