பின்னத்தின் ஐந்து பொருள்கள்: பெரம்பலூர், அரியலூர் நில அளவையை முன்வைத்து

வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்று பகுதிகளுக்கு வண்ணம் தீட்டினால் முக்கால். நம் வகுப்பறைகளில் பின்னம் பெரும்பாலும் இப்படித்தான் அறிமுகமாகிறது. முழுமையின் பகுதி என்னும் இப்பொருள் தேவையானதே. ஆனால் அதையே பின்னத்தின் முழு வரையறையாக நிறுத்திவிடுவது நடுநிலை வகுப்புகளின் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கு வேராகிறது. அளத்தலிலும் பங்கிடுதலிலும் பின்னத்தைத் தொடங்குவதே தகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கனடாவின் கணிதக் கல்வியாளர் தாமஸ் கீரன் 1976இல் பின்னத்தின் பல பொருள்களை வேறுபடுத்திக் காட்டினார். அவர் வழிவந்த ஆய்வுகள் முழுமையின் பகுதி, ஈவு, அளவு, செயலி, விகிதம் என ஐந்தைக் கொள்கின்றன.

பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூரிலும், முந்திரி விளையும் அரியலூரிலும் நிலத்தை ஏக்கர், சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். ஓர் ஏக்கர் 100 சென்ட். ஓர் ஏக்கரை நான்காக்கி மூன்று பங்கு எடுத்தால் 75 சென்ட், இது பகுதி. 3 ஏக்கரை நான்கு உடன்பிறந்தார் பாகம் பிரித்தாலும் ஆளுக்கு 75 சென்ட்; இது ஈவு. கிடைத்தது மொத்தச் சொத்தில் கால், ஆனால் முக்கால் ஏக்கர். வண்ணம் தீட்டிய வட்டத்தை மட்டும் அறிந்த மாணவருக்கு இவ்விரண்டும் ஒருசேர விளங்குவதில்லை. 60 சென்ட்டில் முக்கால் 45 சென்ட் என்னும்போது பின்னம் செயலி. 7/4 என்பதை 'நான்கு பகுதிகளில் ஏழு' என்று படித்தால் பொருளே இல்லை. ஒன்றே முக்கால் ஏக்கர் என்னும் அளவாகக் கொண்டால் ஐயமே எழாது.

1/2 + 1/3 = 2/5 என்னும் பரவலான பிழையையும் இவ்வாறே நோக்கவேண்டும். ஒரு சட்டி சிமென்ட்டுக்கு இரண்டு சட்டி மணல் கொண்ட கலவையையும், மூன்று சட்டி மணல் கொண்ட கலவையையும் கொத்தனார் ஒன்றாக்கினால் இரண்டுக்கு ஐந்து என்றே ஆகும். விகிதத்தில் அக்கூட்டல் சரி. அளவில் அது தவறு: அரை ஏக்கரோடு இன்னும் நிலம் சேர்ந்தபின் 40 சென்ட்டாகக் குறையுமா? மாணவர் பொருள்களைக் கலந்துவிட்டார். அவற்றைப் பிரித்துக் காட்டாதது பாடத்தின் குறை. 2018இல் வெளிவந்த தமிழ்நாட்டின் ஆறாம் வகுப்புப் பாடநூலில் விகிதம் முதற் பருவத்திலும் பின்னம் மூன்றாம் பருவத்திலும் அமைந்தன. இவற்றை இணைக்கும் பொறுப்பு ஆசிரியர் கையில் விடப்பட்டது.

இம்மண்ணின் கணக்கு மரபு அளவையில் வேரூன்றியது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட சோழரின் காலக் கல்வெட்டுகளில் நிலம் வேலி, அதில் இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரிகை எனக் கீழிறங்குகிறது. திண்ணைப் பள்ளி மாணவர் எண்சுவடியில் இவற்றை எண்களாகவே மனனம் செய்தனர்.

அந்த அலகுகள் வழக்கிழந்துவிட்டன, பகுதிப் படமோ எளிது என்று மறுக்கலாம். பழைய அலகுகளை மீட்பது இங்கு நோக்கமன்று. மீட்டர் நாடாவும் எண்கோடும் போதும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் கே. சுப்ரமணியமும் உடன் ஆய்வாளர்களும் பங்கிடுதலையும் அளத்தலையும் இணைத்தே பின்னம் கற்பிக்க முயன்றுள்ளனர். படத்தின் எளிமை ஒன்றுக்குள் அடங்கும் பின்னங்களோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே ஆறாம் வகுப்பில் பின்னம் அளத்தலோடும் பங்கிடுதலோடும் தொடங்கவேண்டும். விகிதம் அதனோடு ஒப்பிட்டுக் கற்பிக்கப்படவேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் 'எதில் முக்கால்?' என்னும் கேள்வி முதலில் எழவேண்டும். அதற்கு விடை சொல்லத் தெரிந்த மாணவருக்கு எட்டாம் வகுப்பின் விகிதமுறு எண்கள், தாம் முன்பே அறிந்த எண்களின் விரிவாகவே இருக்கும்.